ஏழையைப் பார்த்துச் சிரிப்பதற்குப் பெயர் நையாண்டி இல்லை

 

இது நீளமான பதிவு. அவசர வேலை இருக்கிறவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். படிக்காமலேயே கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். யார் படித்தீர்கள், யார் படிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். முப்பது வருடத்துக்கு மேல் வீட்டுப்பாட நோட்டு திருத்திய கண் இது.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக நம் பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ஒரே மாதிரியான படங்கள் சுற்றுகின்றன. மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நூறு நாள் வேலைப் பெண்கள். கீழே ‘நாட்டைத் தூக்கி நிறுத்தும் உழைப்பாளிகள்’ என்று ஒரு வரி. டவுன் பஸ்ஸில் கூடையோடு ஏறும் ஒரு பாட்டி. கீழே ‘மகாராணி நகர்வலம்’. ரேஷன் கடை வரிசை. கீழே ‘அரசாங்க மாப்பிள்ளைகள்’. அதற்குக் கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக.

இது நன்றாக இல்லை என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: “டீச்சர், இது சும்மா நையாண்டி. லேசா எடுத்துக்கோங்க.” இன்னொருவர்: “வஞ்சப்புகழ்ச்சி அணின்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் கொடுத்தீங்க?”

ஆமாம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சொல்லிக் கொடுத்ததைத் தப்பாகப் பிரயோகம் செய்தால் சிவப்பு மையை எடுக்க வேண்டியது என் கடமை. ஓய்வு பெற்றது சம்பளத்துக்குத்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நையாண்டி என்பது, கையில் ஒன்றும் இல்லாதவர்கள் சார்பில் எல்லாம் இருக்கிறவர்களைப் பார்த்துப் பேசுகிற பேச்சு. ஏழைக்கு நடக்கிற அநியாயம் பழகிப்போய் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். அதை எடுத்துக் கண் முன்னால் வைப்பதுதான் அதன் வேலை. அதைத் திருப்பி ஏழை மேலேயே எறிந்தால் அது நையாண்டி ஆகாது. அதற்கு நம் ஊரில் ஏளனம், எகத்தாளம் என்று வேறு பெயர்கள் இருக்கின்றன.

முதலில் வஞ்சப்புகழ்ச்சிக்கே வருவோம். புறநானூற்றில் 95ஆவது பாட்டு. ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான், பயமுறுத்துவதற்காக. ஔவையார் பார்த்துவிட்டுப் புகழ்கிறார். உன் ஆயுதங்கள் மாலையும் பீலியும் சூட்டி, எண்ணெய் பூசி, காவல் உள்ள வீட்டில் எவ்வளவு அழகாக இருக்கின்றன! எங்கள் அரசன் ஆயுதங்களோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கேட்பதற்குப் பாராட்டு. உள்ளே இருக்கிற சேதி: நீ சண்டையே பார்த்ததில்லை.

பரீட்சைக்கு நாம் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவோம். “புகழ்வது போல் பழித்தல்” என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். ஆனால் வகுப்பில் நான் இரண்டு விஷயம் கூடுதலாகச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா?

ஒன்று, யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். பேசுகிறவர் ஒரு புலவர். கையில் கத்தி இல்லை, பின்னால் படை இல்லை. எதிரே நிற்பவன் அரசன், அவன் ஊர், அவன் ஆயுதக் கொட்டில். நேராகப் பேசினால் தலை போகலாம். அதனால் பேச்சு வளைகிறது. பலமானவன் முன்னால் பலமில்லாதவர் உண்மை பேச எடுத்த வழி அது.

இரண்டு, அந்தப் பாட்டு எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். அதியமானை ஔவையார் எப்படி அறிமுகப்படுத்துகிறார்? இருந்தால் பிறருக்குச் சோறு கொடுப்பவன், குறைந்தால் அவர்களோடு பகிர்ந்து உண்பவன், இல்லாதவர்களின் கூட்டத்துக்குத் தலைவன் என்கிறார். கேலி முழுக்க அரசனுக்கு, மரியாதை முழுக்க இல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு. நம் மொழியில் வஞ்சப்புகழ்ச்சிக்கு எல்லோரும் எடுத்துக் காட்டுகிற பாட்டே இப்படித்தான் இருக்கிறது.

வள்ளுவரும் இந்த அணியை எடுத்திருக்கிறார். கயவர்களைத் தேவர்களோடு ஒப்பிடுகிறார், இருவரும் தங்கள் இஷ்டப்படி நடக்கிறவர்கள் என்பதால். கேட்க யாருமில்லை என்று நடக்கிறவனைத்தான் அந்தக் கேலி குறி வைக்கிறது. வரிசையில் நின்று, கார்டு காட்டி, கைரேகை வைத்து அரிசி வாங்குகிறவளுக்கு ஏது இஷ்டப்படி நடப்பது?

அடுத்து, ஏழைகளுக்கு இழைத்த கொடுமையை நையாண்டியால் வெளிக்கொண்டுவந்ததில் உலகத்திலேயே பெரிய உதாரணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதியவரை உங்களுக்குத் தெரியும். லில்லிபுட் குள்ளர்கள் கதை, கலிவரைக் கயிறு போட்டுக் கட்டுவார்களே, அதை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள் இல்லை. ஓய்வுக்குப் பிறகு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்ததைச் சொல்கிறேன்.

ஸ்விஃப்ட் அயர்லாந்தின் தலைநகரம் டப்ளினில் ஒரு பெரிய தேவாலயத்தின் தலைமை குரு. 1720களில் அயர்லாந்து எப்படி இருந்தது? நாடு இங்கிலாந்தின் பிடியில். நிலச்சுவான்தார்களில் பலர் இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு, அயர்லாந்துக் குத்தகைதாரன் உழைத்துக் கட்டுகிற குத்தகைப் பணத்தை அங்கே செலவழித்தார்கள். 1699இல் போட்ட சட்டத்தால் அயர்லாந்தின் கம்பளித் துணி ஏற்றுமதி முடங்கியது. 1720களின் பிற்பகுதியில் விளைச்சலும் பொய்த்தது. டப்ளின் தெருவில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பிச்சை கேட்கும் தாய்மார்கள்.

ஸ்விஃப்ட் முதலில் நேராகத்தான் எழுதினார். 1720இல், நம் ஊர்த் துணியையே உடுத்துவோம் என்று ஒரு பிரசுரம் போட்டார். அச்சடித்தவர் மேல் வழக்குப் போட்டார்கள். ஜூரிகள் குற்றமில்லை என்றார்கள்; நீதிபதி அவர்களை ஒன்பது முறை திருப்பி அனுப்பினார், வேறு தீர்ப்புச் சொல்லச் சொல்லி. 1724இல், இங்கிலாந்தில் ஒருவருக்குச் செப்புக்காசு அடித்து அயர்லாந்துக்குள் விடும் உரிமையைக் கொடுத்ததை எதிர்த்து, ஒரு துணி வியாபாரியின் பெயரில் கடிதங்கள் எழுதினார். எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுன் பரிசு என்று அரசு அறிவித்தது. ஊருக்கே தெரியும் யார் என்று. ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் காசுத் திட்டத்தை அரசு கைவிட்டது.

ஆனால் பசி போகவில்லை. 1729இல் பெயர் போடாமல் இன்னொரு சின்னப் பிரசுரம் வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் ‘ஓர் அடக்கமான யோசனை’ என்று சொல்லலாம். அதில் பேசுகிறவன் ஸ்விஃப்ட் இல்லை. ஸ்விஃப்ட் உண்டாக்கிய ஒரு ஆள். நல்ல படிப்பாளி, நாட்டுப்பற்று உள்ளவன், கணக்கில் புலி. ஏழைகளைப் பார்த்து மனம் வருந்துகிறவன். அவன் கணக்குப் போடுகிறான்: வருடத்துக்கு ஏழை வீட்டில் பிறந்து வளர்க்க வழியில்லாத குழந்தைகள் 1,20,000. அதில் 20,000ஐ இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளலாம். மீதி ஒரு லட்சத்தை ஒரு வயதானதும் பணக்காரர்களின் சாப்பாட்டு மேஜைக்கு விற்றுவிடலாம். வளர்க்கச் செலவு இரண்டு ஷில்லிங், விலை பத்து ஷில்லிங், தாய்க்கு எட்டு ஷில்லிங் லாபம். தோலில் சீமாட்டிகளுக்குக் கையுறை தைக்கலாம்.

படிக்கும்போது எனக்கு வயிற்றைப் புரட்டியது. உங்களுக்கும் இப்போது புரட்டியிருக்கும். புரட்ட வேண்டும் என்றுதான் எழுதினார்.

இங்கே நிதானியுங்கள், இது பாடத்தின் முக்கியமான இடம். அந்த ஆள் கோபப்படுவதில்லை, கத்துவதில்லை. கருணையோடு பேசுகிறான். அன்றைக்கு அதிகாரிகளும் திட்டம் போடுகிறவர்களும் ஏழைகளைப் பற்றி எப்படிப் பேசினார்களோ, தலை எண்ணிக்கை, செலவு, லாபம் என்று, அதே பேச்சைத்தான் பேசுகிறான். ஒரே ஒரு அடி கூடுதலாக எடுத்து வைக்கிறான், அவ்வளவுதான். அந்த ஒரு அடியில் நமக்குப் புரிகிறது, இவ்வளவு நாளும் நாகரிகமாகத் தெரிந்த அந்தப் பேச்சு எங்கே போய்க்கொண்டிருந்தது என்று. பெற்றோரை ஏற்கெனவே தின்று தீர்த்துவிட்ட நிலச்சுவான்தார்களுக்குத்தான் பிள்ளைகள் மேலும் முதல் பாத்தியதை என்று அவன் பணிவாக ஒத்துக்கொள்ளும் இடத்தில் கத்தி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. குழந்தையைக் கேலி செய்து அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

இன்னொன்றும் செய்கிறார். கடைசிப் பக்கங்களில் அந்த ஆள் எரிச்சலோடு சொல்கிறான்: வேறு வழிகளை என்னிடம் பேசாதீர்கள் என்று. என்ன வழிகள்? வெளியூரில் உட்கார்ந்து குத்தகை வாங்குகிறவர்களுக்கு வரி போடுவது, உள்ளூர்ப் பொருளை வாங்குவது, நிலச்சுவான்தார்கள் குத்தகைக்காரர்களிடம் கொஞ்சமாவது இரக்கம் காட்டுவது. இவைதான் ஸ்விஃப்டின் சொந்த யோசனைகள், பல வருடமாக அவர் நேராகச் சொல்லி யாரும் கேட்காதவை. நியாயமான வழியைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிட்டு, பைத்தியக்காரத்தனத்தை நியாயம் போலப் பேசுகிறான் அந்த ஆள். நாட்டில் நடப்பதும் அதுதானே என்று படிக்கிறவன் நினைக்க வேண்டும்.

இதனால் அயர்லாந்தில் பசி தீர்ந்ததா? தீரவில்லை. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் அளவில் செத்தார்கள். நையாண்டி சோறு போடாது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஏழையை வெறும் எண்ணாகப் பேசுகிற பேச்சுக்கு அவர் சூடு போட்டுவிட்டார். முந்நூறு வருடம் ஆகப்போகிறது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வறுமைக்கு ‘சிக்கனமான’ தீர்வு சொல்கிற யாரையும் அந்தப் பிரசுரத்தைப் படித்தவர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

ஸ்விஃப்டை மகான் ஆக்கவும் எனக்கு விருப்பமில்லை. அதே ஸ்விஃப்ட் 1737இல், டப்ளின் பிச்சைக்காரர்களுக்கு வில்லை குத்த வேண்டும் என்று ஒரு பிரசுரம் எழுதினார். அதில் கேலி இல்லை, நிஜமாகவே எழுதினார். வெளியூர்ப் பிச்சைக்காரர்கள் மேல் கடுமையான பேச்சு அதில் உண்டு. எட்டு வருட இடைவெளியில் ஒரே கை எழுதியது. மேலே பார்த்து எழுதிய பிரசுரத்தை உலகம் இன்றுவரை படிக்கிறது. கீழே பார்த்து எழுதியதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊருக்கு வாருங்கள். 1934இல் புதுமைப்பித்தன் ‘பொன்னகரம்’ எழுதினார். இரண்டு மூன்று பக்கக் கதை. ஒரு இருட்டுச் சந்து. தண்ணீர்க் குழாயடி, சாக்கடை, கொசு. அம்மாளு ஆலையில் வேலை செய்கிறவள். புருஷன் ஜட்கா வண்டிக்காரன், அடிபட்டுக் கிடக்கிறான், பால்கஞ்சி கேட்கிறான். கையில் காசில்லை. அவளை நோட்டம் விட்டுக்கொண்டிருந்த ஒருவனோடு இருட்டில் ஒதுங்கிப் போய்க் கஞ்சிக்குக் காசு கொண்டு வருகிறாள். இப்படிப்பட்ட இடத்துக்கு அவர் வைத்த பெயர் பொன்னகரம்.

பெயரிலேயே நையாண்டி. ஆனால் அம்மாளு மேல் ஒரு துளி கேலி விழுகிறதா? விழவில்லை. கற்பைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற, வயிறு நிறைந்த நம்மைப் போன்றவர்கள் மேல் மொத்தமும் விழுகிறது. மகாராணி நகர்வலம் என்று படத்துக்கு வரி எழுதிய பிள்ளைக்கும் புதுமைப்பித்தனுக்கும் உத்தி ஒன்றுதான்: இல்லாத சிறப்பை இருப்பதாகச் சொல்வது. புதுமைப்பித்தன் அதைச் சந்தை அப்படி வைத்திருக்கும் நகரத்தின் மேல் எறிந்தார். நம் பிள்ளை கூடை சுமக்கும் பாட்டி மேல் எறிந்தது.

படிக்க நேரமில்லை, சினிமாதான் பிடிக்கும் என்கிறவர்கள் சார்லி சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ பாருங்கள். 1936இல் வந்த படம். தொழிலாளி சாப்பிடப் போகிற நேரம் வீணாகக் கூடாது என்று, வேலை செய்யும் இடத்திலேயே வாயில் ஊட்டிவிடும் இயந்திரத்தை ஒரு முதலாளிக்குக் காட்டுகிறார்கள். சோதனைக்கு சாப்ளினைக் கட்டி உட்கார வைக்கிறார்கள். இயந்திரம் கோளாறாகி மக்காச்சோளத்தை முகத்தில் தேய்க்கிறது, சூப்பை மேலே கொட்டுகிறது. நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். கடைசியில் முதலாளி வேண்டாம் என்கிறார். அந்த மனுஷன் பட்ட பாட்டைப் பார்த்தா? இல்லை, நடைமுறைக்கு ஒத்துவராதாம். சிரித்த வாய் அங்கே மூடிக்கொள்கிறது. அடி வாங்குகிறவன் ஏழை, ஆனால் அம்பலப்படுகிறவன் முதலாளி.

இப்போது நம் குழுவுக்கு வந்த படங்களைத் திருத்தலாமா?

முதல் படம், மரத்தடிப் பெண்கள். ‘சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்’ என்பதுதானே சேதி? அவர்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அனுப்பியவர்களில் ஒருவராவது கேட்டீர்களா? அந்த வேலைக்குச் செய்த வேலையை அளந்துதான் கூலி. வெயில் ஏறும் முன்னால் மண் வெட்டி முடித்துவிடுவார்கள். ஆனால் வீட்டுக்குப் போக முடியாது. 2023 ஜனவரி முதல் நாளைக்கு இரண்டு முறை வேலையிடத்தில் கைபேசியில் போட்டோ எடுத்துப் பதிவேற்றினால்தான் வருகை என்று ஆனது. இரண்டாவது போட்டோவுக்காகக் காத்திருக்க வேண்டும். வேலையை முடித்துவிட்டு, வேலை செய்ததாக நிரூபிப்பதற்காக அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது போகிற வழியில் ஒருவர் காரை நிறுத்தி இன்னொரு போட்டோ எடுத்து ‘சோம்பேறிகள்’ என்று போடுகிறார். இதில் சிரிக்க விஷயம் நிறைய இருக்கிறது பிள்ளைகளே. நீங்கள் தப்பான இடத்தில் சிரிக்கிறீர்கள்.

இன்னும் கேளுங்கள். 2005இல் வந்த அந்தச் சட்டம், வேலை செய்த 15 நாளுக்குள் கூலி கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் தமிழ்நாட்டில் கூலி மாதக்கணக்கில் வராமல் நின்று, 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டிவந்தது. நம் குழுவில் இருக்கிறவர்களில் யாருக்காவது இரண்டு மாதம் சம்பளம் நின்றால் வீடு என்ன பாடுபடும்? அதைப் பற்றி ஒரு கேலிப் படமும் நம் குழுவுக்கு வரவில்லை. எங்கே போனது நையாண்டித் திறமை?

இரண்டாவது படம், பஸ் ஏறும் பாட்டி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடிவதற்குள் பூச்சந்தைக்குப் போகிறவர்கள், நாலு வீட்டில் பாத்திரம் துலக்கப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிறார்கள். பஸ் காசு மிச்சமானால் மத்தியானம் ஒரு டீயும் வடையும் சாப்பிடுவார்கள், அல்லது பேரனுக்கு நோட்டு வாங்குவார்கள். இதற்கு ‘ஓசி’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

சரி, கணக்கு வகுப்புக்கு வாருங்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22ஆகக் குறைத்தார்கள். இதனால் அரசுக்கு வருடத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று நிதி அமைச்சரே சொன்னார். அந்த முடிவு சரியா தப்பா என்று பொருளாதாரம் படித்தவர்கள் வாதாடட்டும், நான் அதற்குள் போகவில்லை. நான் தமிழ் டீச்சர், வார்த்தையைப் பார்க்கிறேன். அதற்கு ‘ஊக்குவிப்பு’ என்று பெயர். பாட்டியின் பஸ் டிக்கெட்டுக்கு ‘ஓசி’ என்று பெயர். ஒரே வினைச்சொல், ‘விட்டுக்கொடுத்தல்’. செயப்படுபொருள் கோடீஸ்வரனானால் கோட்டு சூட்டு போட்ட பெயர், ஏழையானால் கந்தல் பெயர். நையாண்டி எழுத வேண்டும் என்று கை அரித்தால் இதை எழுதலாமே?

ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். ஆளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ‘நாட்டைத் தூக்கி நிறுத்தும் உழைப்பாளிகள்’ என்ற அதே வரியை, கடனைக் கட்டாமல் வெளிநாட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்ட ஒரு தொழிலதிபர் படத்துக்குக் கீழே வையுங்கள். வரி திடீரென்று கூர்மையாகிறதா? ‘மகாராணி நகர்வலம்’ என்பதை, ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டுப் போகிற முக்கியப் பிரமுகரின் இருபது கார்களுக்குக் கீழே வையுங்கள். இப்போது அதை அனுப்பக் கை கொஞ்சம் தயங்குகிறதல்லவா? யார் பார்ப்பார்களோ, யார் என்ன சொல்வார்களோ என்று. அந்தத் தயக்கம்தான் அடையாளம். ஔவையாருக்கு அந்த ஆபத்து இருந்தது. ஸ்விஃப்டுக்கு இருந்தது. பாட்டியைக் கேலி செய்கிறவருக்கு என்ன ஆபத்து? பாட்டியிடம் செல்போனே இல்லை.

உங்கள் மறுப்புகளும் எனக்குத் தெரியும். வகுப்பில் உங்கள் முகம் பார்த்தே கேள்வியைக் கண்டுபிடித்தவள்.

“ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்களே டீச்சர்?” இருக்கிறார்கள். இல்லாத ஆள் பெயரில் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது யார்? ரேஷன் அரிசியை லாரியில் ஏற்றிக் கடத்துவது யார்? வரிசையில் நிற்கிற கிழவியா லாரி வைத்திருக்கிறாள்? ஏமாற்றுகிறவனைக் கேலி செய்யுங்கள், நானே முதலில் பகிர்கிறேன்.

“நாங்கள் வரி கட்டுகிறோம்.” நல்லது, நானும் கட்டினேன். அந்தப் பாட்டியும் கட்டுகிறாள். சோப்பு வாங்கும்போது, பேரனுக்கு பிஸ்கட் வாங்கும்போது விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. அவளுக்கு யாரும் வரி செலுத்துவோர் என்ற பட்டம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

“சிரிக்கக்கூட உரிமை இல்லையா?” தாராளமாக இருக்கிறது. எதையும் தடை செய்யச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்புகிறதற்கு நையாண்டி என்று பெயர் வைக்காதீர்கள் என்கிறேன். அந்தப் பெயரைச் சம்பாதிக்க ஔவையாரும் ஸ்விஃப்டும் புதுமைப்பித்தனும் பாடுபட்டிருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. ஏழைகளுக்கே நையாண்டி நன்றாக வரும். அவர்களுக்கு அது தேவைப்படுகிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு ஒருமுறை மேலதிகாரி ஒருவர் சத்துணவைப் பார்வையிட வந்தார். அன்றைக்குச் சாம்பாரில் காய் மிதந்தது, முட்டை பெரியதாக இருந்தது. அதிகாரி ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, “சாப்பாடு எப்படிடா தம்பி இருக்கு?” என்று கேட்டார். அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கை கட்டி, “ரொம்ப நல்லா இருக்குங்க சார். நீங்க தெனமும் வாங்க சார்” என்றான்.

குறை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளியை உபசரிக்கிற மாதிரிதான் கூப்பிட்டான். ஆனால் அந்த அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பாட்டுப் பதிவேடு, இருப்புப் பதிவேடு எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி அரை மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் சாம்பாரில் காய் இருந்தது. அந்தப் பையன் புறநானூறு அப்போது படித்திருக்கவில்லை. அவன் வயிறு அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. இன்றைக்கு அவனைப் போன்ற பிள்ளையின் தட்டைப் படம் எடுத்து ‘ஓசிச் சோறு’ என்று போடுகிறவர்களைவிட அவனுக்கு இலக்கணம் நன்றாகத் தெரியும்.

நம் குழுவில் இருக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சத்துணவு வரிசையில் தட்டோடு நின்றவர்கள் என்று எனக்குத் தெரியும். நான்தான் வரிசையைச் சரி செய்துகொண்டிருந்தேன். பெயர் சொல்ல மாட்டேன். இலவசப் புத்தகம், இலவசச் சீருடை, இலவச சைக்கிள், இலவச பஸ் பாஸ் என்று படித்து இன்றைக்கு சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அது உங்கள் உரிமை, நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நன்றியோடு இருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. ஆனால் ஏணியின் மேலே ஏறி நின்றுகொண்டு, கீழ்ப்படியில் கால் வைக்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் படத்தில் இருப்பது உங்கள் அம்மாவாக இருந்த காலம் ஒன்று உண்டு. சில பேருக்கு அது ரொம்ப தூரத்தில்கூட இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நல்ல நையாண்டி எழுதுவது கஷ்டம். சொல்வது ஒன்று, நினைப்பது ஒன்று என்பதால் புரியாமலும் போகும். குடும்பக் குழுவில் கேலியாக எழுதியதை உண்மைச் செய்தி என்று நம்பிப் பத்துப் பேருக்கு அனுப்புகிற சித்தப்பாக்கள் நம்மிடம் உண்டு. அதனால் ஸ்விஃப்ட் செய்த மாதிரி, நிஜ எண்ணம் எட்டிப் பார்க்க எங்காவது ஒரு ஜன்னல் வைக்க வேண்டும். அது தெரியாவிட்டால் நேராகவே எழுதுங்கள். ‘கூலியைக் கொடு’ என்று இரண்டு சொல்லில் நேராக எழுதுவதும் நல்ல தமிழ்தான்.

முடிக்கும் முன் வீட்டுப்பாடம். வீட்டுப்பாடம் இல்லாமல் நான் வகுப்பை விட்டதில்லை. இந்த வாரம் ஆளுக்கு ஒரு நையாண்டி எழுதிக் கீழே பின்னூட்டத்தில் போடுங்கள். நாலு வரி போதும். நிபந்தனை ஒன்றுதான்: யாரைக் கேலி செய்கிறீர்களோ அவர் உங்களைவிடப் பணத்திலோ பதவியிலோ மேலே இருக்க வேண்டும். கூலியை நிறுத்தி வைக்கிறவர், சாக்கடைக்குள் ஆளை இறக்கிவிட்டு மேலே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறவர், பாத்திரம் துலக்குகிறவளுக்கு இருநூறு ரூபாய் கூட்டிக் கொடுக்க மூன்று மாதம் யோசிக்கிறவர் என்று ஆளுக்குப் பஞ்சமில்லை. கடைசியில் சொன்னவர் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். அப்படியானால் இன்னும் நல்லது, எழுதக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கும்.

நன்றாக எழுதியவர்களுக்குப் பத்துக்குப் பத்து. ஏழையைக் கேலி செய்து எழுதினால் பூஜ்யம், அதைச் சிவப்பு மையில்தான் போடுவேன். சனிக்கிழமை திருத்த உட்காருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்